வைப்பு ஒயினா, முதுமதுவா?

குழுவினருக்கு வணக்கம்.

உணவுக்கலைப் பாடநூலில் பிரான்சின் ஒயின் வட்டாரமான போர்தோ பற்றிய இயல் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று நாளாக ஒரே பிரெஞ்சுச் சொல் என்னை நகரவிடவில்லை: ‘வேன் த கார்த்’. வாங்கிய கையோடு திறக்காமல் பதினைந்து, இருபது ஆண்டு நிலவறையில் வைத்தால் மேம்படும் ஒயின். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தேன்; ‘வைப்பு ஒயின்’, ‘முதுமது’, ‘பழுநுதேறல்’ (பழுத்துத் தெளிந்த மது) என்ற மூன்றும் முன்னால் நிற்கின்றன. வந்த மறுமொழிகளுக்கு ஒரே மடலில் பதில் எழுதுகிறேன்.

> ‘முதுமது’ போதும். சுருக்கம்; எதுகையும் அமைந்திருக்கிறது.

ஐயா, ஓசை எனக்கும் பிடிக்கிறது; பொருள்தான் இடறுகிறது. முதுமை என்பது வந்துவிட்ட நிலை. ‘கார்த்’ என்பது காத்துவைப்பது. போர்தோவின் போயாக் ஊரில் இப்போதுதான் புட்டியில் அடைத்த ஒயினுக்கு முதுமை ஏது? கபெர்னே சோவிஞோன் திராட்சையின் துவர்ப்பு ஈறுகளை இறுக்கிப் பிடிக்கும். ஆனாலும் அன்றைக்கே அது ‘வேன் த கார்த்’தான், அந்தத் துவர்ப்புதான் அதை ஆண்டுக்கணக்கில் தாங்கப்போகிறது. பெரும்பாலான ஒயின்களோ வைத்தால் பழசாகுமே தவிரப் பழுப்பதில்லை.

> மது, ‘மட்டு’ என்பதன் திரிபே. கிரேக்க ‘மெது’வும் இங்கிருந்து போனதே.

மது வடசொல், ‘மெது’ அதன் இந்தோ-ஐரோப்பிய உறவு. தூய தமிழ் கேட்பவர்களே ‘முதுமது’வுக்கு வாக்களிப்பது எனக்கு விளங்கவில்லை. மட்டு நமக்கு வேறிடத்தில் கைகொடுக்கும். ‘நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்’ என்கிறார் கபிலர் (புறம் 120). நிலத்தில் புதைத்துப் பழுக்கவைத்த தேறல்! போர்தோ நிலவறை செய்வதும் ஏறக்குறைய அதுதான்: 12, 13 டிகிரிக் குளிர்ச்சி, இருட்டு, அசைவின்மை, தக்கை காயாதபடி கிடத்திய புட்டி.

> தேறல் என்றால் தெளிந்தது. அடியில் மண்டி தங்கும் ஒயினை எப்படித் தேறல் என்பீர்கள்?

அம்மா, இந்த மடல்வரிசையிலேயே நல்ல கேள்வி இது. துவர்ப்புப் பொருள்களும் நிறமிகளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, மண்டியாக இறங்குகின்றன. அதனால்தான் இறுத்துக் குடிக்கிறார்கள். போர்தோவில் ஒருமுறை அருகில் நின்று பார்த்தேன். முந்தின நாளே நிமிர்த்தி வைத்த 1982 புட்டி. கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தி. முதியவர் கை நடுங்காமல், இடையில் நிறுத்தாமல், கண்ணாடிக் குடுவைக்குள் ஊற்றிக்கொண்டே இருந்தார். புட்டியின் தோள்பட்டையில் கருநூல் போல மண்டி எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். புட்டியில் இரண்டு விரற்கடை மிச்சம். நம் வீட்டில் தேற்றாங்கொட்டை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்து இறுப்பதும் இதே வேலைதான். தேற்றி எடுத்தது தேறல். பள்ளி வேதியியலின் ‘தெளிய வைத்து இறுத்தல்’ கையில் இருக்கும்போது அந்தச் செயலுக்கு வேறு சொல்லும் தேட வேண்டாம்.

கோப்பையைச் சாய்த்தால் விளிம்பு சிவப்பு விட்டுச் செம்பழுப்பாகியிருந்தது. பிரெஞ்சில் ‘த்யுய்லே’, அதாவது கூரை ஓட்டின் நிறம். நாட்டு ஓடு பார்த்த எவருக்கும் ‘ஓட்டு நிறம்’ புரியும். இதை மறுக்க யாரும் வரமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

> மாணவர்கள் நாளை உணவகத்தில் வேலைக்குப் போவார்கள். தேறல் என்றால் யாருக்குப் புரியும்?

இங்கேதான் நான் தோற்கிறேன். ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ (புறம் 56) என்று கப்பலில் வந்த மதுவையே நக்கீரர் தேறல் என்றார். அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. சான்றுக்குக் குறைவில்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளை விருந்தினர் முன்னால் நின்று திணறக் கூடாது.

ஆகவே பாடத்தில் ‘வைப்பு ஒயின்’ என்று போடுகிறேன். வைப்பு நிதி நினைவுக்கு வருகிறது என்ற குறையை ஏற்கிறேன். பொறுத்திருந்தால் வளரும் என்ற பொருள் அதிலும் இருக்கிறதே. ஐவர் இதற்கு, மூவர் ‘பழுநுதேறல்’, ஒருவர் இன்னும் ‘முதுமது’. சொல்லடைவில் ‘பழுநுதேறல்’ அடைப்புக்குறிக்குள் இடம்பெறும். என் மனம் அங்கேதான் இருக்கிறது.

ஒன்று பாக்கி. முதிர்ந்த போர்தோவில் தேவதாரு மரம், சுருட்டுப் பெட்டி, பதப்படுத்திய தோல் இவற்றோடு ‘சூ புவா’ என்றொரு மணம் சொல்வார்கள்: மழை நின்ற காட்டில் ஈரச் சருகைக் காலால் புரட்டினால் எழுவது. ‘சருகு மணம்’ என்றால் ஈரம் போய்விடுகிறது. ‘மட்கு மணம்’ என்றால் உரக்குழி நினைவு வருகிறது. ஞாயிறு இரவுக்குள் யாராவது சொல்லுங்கள்.