பக்கம் புரண்டது தெரியாமல் வாசித்தான்

கரூர் அம்மா:
என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிக்கவும் எழுதவும் தடுமாறவைக்கும் கற்றல் குறைபாடு என்று போன மாதம் ரிப்போர்ட் வந்தது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்த ரிப்போர்ட் இல்லை. போன வருஷத்தில் ஒரு சாயங்காலம்.

கூடத்தில் உட்கார்ந்து தமிழ்ப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தான். விரலை வரி வரியாக நகர்த்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அவ்வளவு அழகாக. நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து போய் வந்தான். அதற்குள் ஃபேன் காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. அவனுக்கு அது தெரியவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். விரல் ஆமைப் படத்துக்குக் கீழே ஓடுகிறது, வாயில் காக்கா கதை வருகிறது.

பாடம் முழுக்க மனப்பாடம். "என்னையே ஏமாத்துறியா?" என்று கேட்டு முதுகில் இரண்டு வைத்தேன். அழுதுகொண்டே சொன்னான்: "ஏமாத்தலம்மா. டீச்சர் சொல்லும்போதே கேட்டு வச்சுக்கிட்டேன்."

ஒரு முழுப் பாடத்தையும் காதாலேயே பிடித்து வைத்திருக்கிறான். அந்தப் பிள்ளையைத்தான் அடித்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்தால் எழுதுங்கள்.

தஞ்சாவூர் மாமா:
அம்மா, வருத்தப்படாதீர்கள். ஆனால் இந்த ரிப்போர்ட் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து உண்டு. என் அக்கா மகளுக்கு 7 வயதிலேயே சோதனை செய்தார்கள். அப்புறம் ஒரு வளைகாப்பு வீட்டில், பிள்ளையை வைத்துக்கொண்டே உறவுக்காரம்மா ஒருவர், "படிப்பு வராதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாராமே" என்று கேட்டார். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அப்போதுதான் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டிலேயே திரும்ப வைத்தாள். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

அதனால் சொல்கிறேன், பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம். ஆங்கிலத்தில்தான் இந்தக் குழப்பமெல்லாம். தமிழ் வழியில் சேர்த்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்பது என் எண்ணம்.

அரசுப் பள்ளி ஆசிரியை:
தஞ்சாவூர் சார், அந்த உறவுக்காரம்மா பேசியது தவறு. அதற்காக ரிப்போர்ட்டைத் தவறு என்று சொல்லாதீர்கள். தமிழ் வழியில் தானாகச் சரியாகும் என்பதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 20 வருஷமாகத் தமிழ் வழியில்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

'மேகம்' என்ற சொல்லைப் பாருங்கள். காதில் விழும்போது 'ம்' முதலில், 'ஏ' பிறகு. எழுதும்போது இரட்டைக்கொம்பு முன்னால் நிற்கிறது, 'ம' பின்னால் வருகிறது. 'கொ' எழுதினால் ஒரே ஒலி இரண்டாகப் பிரிந்து 'க'வுக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். 'பக்கம்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் இருப்பது ஒரே 'க', ஒலி மூன்று விதம். ஆங்கிலத்தைவிடத் தமிழ் ஒழுங்கானது என்பது உண்மை. ஆனால் எழுத்தையும் ஒலியையும் கோக்கும் இடத்திலேயே தடுமாறுகிற பிள்ளைக்கு 247 எழுத்து ஒரு மலை.

என் வகுப்பில் ஒரு பையன் 'மேகம்' என்பதை 'மகேம்' என்றுதான் எழுதுவான். அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்போம், அரும்புதான் ஆரம்ப நிலை. அவன் மூன்று வருஷமும் அரும்பு. கணக்கை வாயால் கேட்டால் வகுப்பிலேயே முதலில் விடை சொல்கிறவன் அவன்தான்.

வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்வேன். அவன் முறை வருவதற்குள் "டீச்சர், ஒண்ணுக்கு" என்று கையைத் தூக்கிவிடுவான். சேட்டை என்று நினைத்து ஒருநாள், "வாசிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். எழுந்து நின்றான். புத்தகம் நடுங்கியது. நின்ற இடத்திலேயே டிரவுசர் நனைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். தனக்கு முன்னால் எத்தனை பேர், எத்தனை பத்தி என்று அவன் தினமும் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறான். எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு யாரையும் சொல்லாமல் கொள்ளாமல் எழுப்பி வாசிக்கச் சொன்னதில்லை.

தாம்பரம் அம்மா:
என் கதை சின்னது. மகள் பத்தாம் வகுப்புத் தேர்வில் விடையைச் சொல்லச் சொல்ல ஒரு டீச்சர் எழுதினார். வெளியே வந்ததும், "நான் நினைச்சது அப்படியே பேப்பர்ல வந்தது இன்னைக்குத்தாம்மா" என்றாள்.

கரூர் தங்கச்சிக்குச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லைதான், ஆனாலும் எனக்கு இதையெல்லாம் ஒருவரும் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதற்கான சான்றிதழ் 8 வயதிலிருந்துதான், பிறகு 14இலும் 18இலும் மறுபடி பார்ப்பது என்று வைத்திருந்தார்கள். தனியார் ரிப்போர்ட் மட்டும் போதாது, அரசு மருத்துவமனை மூலம் வாங்குங்கள். நம் மாநிலப் பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு எல்லாம் உண்டு. ஆனால் தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது ஓடினால் கஷ்டம்.

கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அதற்கு மேல் கண் பயிற்சி, கலர் கண்ணாடி என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். நான் கட்டினேன். இது கண்ணில் உள்ள கோளாறு இல்லை. சிறப்புக் கல்விப் பயிற்சி பெற்ற ஒருவர் எழுத்தையும் ஒலியையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். சென்னைப் பக்கம் வந்தால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது, 1990களின் தொடக்கத்திலிருந்தே இதே வேலையாக இருப்பவர்கள். இராத்திரியில் நீங்களே கதை வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்கு எழுத்துதான் தடை, கதை தடையில்லை. சிவப்பு மையால் ஒவ்வொரு பிழையையும் சுழிக்கவே கூடாது.

தஞ்சாவூர் மாமா:
தமிழ் வழி பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், டீச்சர். அக்கா மகளும் 'கொம்பு ஏன் முன்னாடி போகுது?' என்று கேட்டிருக்கிறாள். நாங்கள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ரிப்போர்ட்டைப் பிள்ளை முன்னால் பேசக்கூடாது என்பதில் நான் மாறவில்லை.

மதுரைக்காரன்:
மாமா, பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். எனக்கு இப்போது 41 வயது, ஏசி மெக்கானிக். என் காலத்தில் எனக்கு வைத்த பெயர் 'மக்கு'. ரிப்போர்ட் இல்லாவிட்டாலும் பெயர் வைத்துவிடுவார்கள்.

19 வயதில் திருச்சியில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். மாட்டுத்தாவணியில் விடியற்காலை பஸ் ஏறினேன். போர்டில் முதல் இரண்டு எழுத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பதுதான் என் வழக்கம். 'திரு' என்று பார்த்ததும் ஏறிவிட்டேன். ரிங் ரோட்டுக்கு வந்தபோது கண்டக்டர் வந்தார். "திருச்சி ஒண்ணு" என்று காசை நீட்டினேன். "இது திருச்செந்தூர் வண்டிடா. போர்டு பாக்கல?" என்றார். பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சட்டைப்பையில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் வேறு துருத்திக்கொண்டு இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இறக்கிவிட்டார். இருட்டில் ரோட்டோரம் நின்றேன். அந்த வேலை போய்விட்டது.

என் மகளுக்கும் இதே தடுமாற்றம் இருக்கிறது. பரம்பரையாகவும் வரும் என்று டாக்டர் சொன்னபோதுதான் என் கதையை அவளிடம் சொன்னேன். "உனக்கும் எழுத்து ஒட்டிக்கிட்டே வருமாப்பா?" என்று கேட்டாள். என்னிடம் அதை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.

கரூர் அம்மா:
எல்லாவற்றையும் படித்தேன். தாம்பரம் அக்கா, சான்றிதழ் விஷயத்தைக் குறித்துவைத்துக்கொண்டேன். மதுரை அண்ணா, உங்களுடையதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

சிறப்பு ஆசிரியர் சொன்னபடி தாம்பாளத்தில் ரவை பரப்பி எழுதிப் பார்க்கிறோம். முதலில் 'க', அப்புறம் இடது பக்கம் கொம்பு, வலது பக்கம் கால். வாயில் "க்... ஒ... கொ". விரல் எழுதும்போதே வாய் சொல்ல வேண்டும். அவனுக்கு ரவை சரசரவென்று போவது பிடித்திருக்கிறது.

நேற்று அவனாகவே பழைய இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வந்தான். அதே காக்கா கதை. மனப்பாடமாகச் சொல்லிவிடாமல் இருக்க, கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாக வாசிக்கிறேன் என்று அவனே சொன்னான். மற்ற வரிகளைக் காகிதத்தால் மூடிக்கொண்டோம். நான்கு வரிக்கு 20 நிமிஷம் ஆனது. ஐந்தாவது வரியில் விரலை வைத்தான், எடுத்தான். "மிச்சம் நாளைக்கு வாசிக்கிறேம்மா" என்றான். அந்தக் காகிதத்தை அந்த வரியிலேயே விட்டு மூடி வைத்திருக்கிறோம்.