மிகை மெய்ம்மைப் பொருள்களைக் கதைக்குள் கொண்டுவர யோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் நால்வருக்கு ஷேடோரன் என்ற, மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் கதை ஆட்டத்தைக் கேம் மாஸ்டராக (கதையை வழிநடத்துபவராக) இருந்து நடத்தி வருகிறேன். 1989-இல் முதலில் வெளிவந்த இந்த ஆட்டத்தில், கம்பியில்லா மேட்ரிக்ஸையும் (ஆட்ட உலகின் கணினி வலையமைப்பு) மிகை மெய்ம்மையையும் (ஆக்மென்டட் ரியாலிட்டி, அதாவது நிஜக் காட்சியின் மேல் கணினி உருவங்களைக் காட்டுவது) அன்றாட வாழ்க்கையின் பகுதியாக்கியது 2005-இல் வந்த நான்காம் பதிப்புதான். ஆனால் என் மேசையில் அவை மிதக்கும் விளம்பரங்களாக மட்டுமே நின்றுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஒரே ஒரு முறை அது கைகூடியது. இறந்துபோன தாதா ஒருவன் வழக்கமாக அமரும் நாற்காலியின் மேல், அவனிடம் கடன்பட்டவர்களின் கண்ணுக்கு மட்டும் தெரியும் வெள்ளை மலர் ஒன்றை வைத்து, அதை ஒரேயொரு ஆட்டக்காரருக்குத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, எவரிடமும் சொல்லாமல் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டபோது மேசையே அமைதியானது. யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்பதில்தான் இதன் வலிமை இருக்கிறது என்று அன்று உணர்ந்தேன்.

இத்தகைய பொருள்களை வேறு எப்படியெல்லாம் பயன்படுத்தலாம்? குறிப்பாக, ஹேக்கர் அல்லாத பாத்திரங்களும் பகடை உருட்டாமலேயே கையாளக்கூடியவை தேவை. ஒவ்வொருவரின் பார்வையையும் தனித்தனியே விவரித்தால் ஆட்டத்தின் வேகம் குறைந்துவிடுகிறது. அதற்குத் துண்டுச்சீட்டைத் தவிர வேறு வழி கண்டவர்கள், தங்கள் மேசையில் நடந்த ஒரு காட்சியோடு விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.