143ஆம் நாள் இரவு: எழுதவைத்த மென்பொருள்களோடு நம் அனுபவங்கள்

வைகறை எழுதியது:

இடைவிடாமல் எத்தனை நாள் எழுதினோம் என்று எண்ணிக்கொண்டே வந்து, ஒரு நாள் இலக்கு தவறினால் 0-வுக்குத் திரும்பிவிடும் எழுத்துச் செயலிகளை இங்குப் பெரும்பாலோர் பயன்படுத்தியிருப்பீர்கள் என்பதால் அவற்றை மேலும் விளக்காமல் நேராகச் செய்திக்கு வருகிறேன். நாளுக்கு 300 சொல் என்று இலக்கு வைத்து 142 நாள் இடைவிடாமல் எழுதியிருந்தேன். அதற்கு முன்பு, எழுத வேண்டும் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டு மட்டுமே இருந்தவள் நான். ஆகவே அந்த எண் எனக்கு எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

143ஆம் நாள் மகளுக்குக் கடுமையான காய்ச்சல். ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்து அவள் கண்ணயர்ந்தபோது இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. படுக்கையின் ஓரத்திலேயே மடிக்கணினியைத் திறந்து, இடக்கை அவள் முதுகில் இருக்க, வலக்கை விரல்களால் மட்டும் தட்டச்சு செய்தேன். முந்நூறைக் கடந்திருப்பேன் என்று தோன்றியபோது நிமிர்ந்து பார்த்தேன். திரையின் வலது மூலையில் எப்போதும் பச்சையாக நிற்கும் எண் அங்கே இல்லை. சாம்பல் நிறத்தில் 0 என்று இருந்தது. மணி 12.04.

செயலியின் கணக்கில் பிழை ஏதும் இல்லை. அதற்கு நாள் நள்ளிரவில் முடிந்துவிட்டது, எனக்கு முடியவில்லை. மகளின் காய்ச்சல் இரண்டு நாளில் முழுதாகத் தணிந்தது. நான் மறுபடி எழுத உட்கார ஏழு வாரம் ஆயிற்று, அப்போதும் பழைய கோப்பைத் தொடாமல் புதிதாக ஒன்றைத்தான் தொடங்கினேன். நான்கு நிமிடத் தாமதம் ஏழு வாரத்தை எப்படி விழுங்கியது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எழுதிய 42,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கோப்பில் அப்படியே இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனாலும் அந்த 0-வைப் பார்த்த கணத்தில் அவை யாவும் அழிந்துபோனதாகவே நான் நம்பினேன். இத்தகைய அனுபவம் உள்ளவர்கள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நெடுங்கணக்கு எழுதியது:

எனக்கு நேர்ந்தது வேறு. நவம்பர் மாதத்தின் 30 நாளில் 50,000 சொல் எழுதும் நாவல் இயக்கத்தை அறிந்திருப்பீர்கள். 1999இல் 21 பேரோடு தொடங்கி உலகெங்கும் பரவியது, அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது. நாளுக்கு 1,667 சொல் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கு தமிழுக்காக வகுக்கப்பட்டதன்று என்பதைத் தமிழில் எழுத உட்கார்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே உணர்ந்துவிடுவார்கள். ‘போகவேண்டியிருந்திருக்காது’ என்று நாம் ஒரே மூச்சில் எழுதி முடிப்பதை ஆங்கிலத்தில் சொல்ல ஐந்தாறு சொற்கள் தேவைப்படும். மென்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே இருப்பது எதுவாயினும் அதற்கு ஒரு சொல்தான்.

19ஆம் நாள் இலக்குக்கு மிகவும் பின்தங்கியிருந்தேன். தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, ‘கொண்டிருந்த’ என்பதை எல்லா இடங்களிலும் பிரித்து, முன்னும் நடுவிலும் இடைவெளியோடு ‘கொண்டு இருந்த’ என மாற்றும்படி கொடுத்தேன். ஒரே சொடுக்கில் 418 சொல் கூடியது. பிறகு ‘விட்டது’, ‘போயிற்று’, ‘வேண்டியிருந்தது’ என ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மறுநாள் காலையில், நாவலின் மூதாட்டி தன் மகனைத் தேடி மழையில் நடக்கும் பகுதியை எதேச்சையாகப் படித்தேன். ‘நடந்துகொண்டிருந்தாள்’ என்று நான் எழுதியிருந்த இடமெல்லாம் ‘நடந்து கொண்டு இருந்தாள்’ என்று நின்றது. ஒவ்வோர் அடிக்கும் யாரோ அவளைத் தடுத்து நிறுத்தி அனுப்புவது போல் இருந்தது. அதைத் திருத்தாமல் அன்றைய 1,667-ஐ எழுதப் போய்விட்டேன் என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. 28ஆம் நாளே 50,000-ஐத் தொட்டேன், வெற்றிச் சான்றிதழும் கிடைத்தது. அந்தக் கோப்பை அதன்பின் நான் திறக்கவே இல்லை.

பத்துவிரல் எழுதியது:

வைகறை அம்மையாரின் அனுபவம் வருத்தம் தருகிறது என்றாலும், செயலியின் மேல் பழி போடுவது சரியன்று. என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்கும் முறையில் பல ஆண்டுகள் எழுதி, எழுத்து ஒருபோதும் பழக்கமாகாமல் தவித்தேன். பிறகு, தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். ஏறக்குறைய ஆறாவது வாரத்தில் ஒரு காலை, அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில், புள்ளியைத் தானே இட்டுக்கொண்டு ‘அம்மா’ என்று திரையில் வந்ததைப் பார்த்தபோதுதான், விரல்களைப் பற்றி நினைக்காமலேயே நான் எழுதியிருக்கிறேன் என்பது தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு எழுத்து நிற்கவில்லை.

இனி, புதிதாகத் தொடங்குவோருக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் செய்து 2010இல் அச்சான ஆய்வில், 96 பேர் ஆளுக்கொரு புதிய பழக்கத்தை 12 வாரம் கடைப்பிடித்தார்கள். செயல் தன்னியல்பாக மாறுவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆகும் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்றும், அந்த 12 வாரத்துக்கு அப்பாலும் நீட்டிக் கணித்தார்கள். இடையில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பின்னடைவு ஏற்படவில்லை. ஆகவே ஒரு 0-வுக்காக ஏழு வாரம் எழுதாமல் இருந்தது தேவையற்ற தண்டனை.

சில செயலிகளில் நாள் முடியும் நேரத்தை நள்ளிரவிலிருந்து அதிகாலை 4 மணிக்கு மாற்றிக்கொள்ளலாம், அதை முதலில் செய்யுங்கள். இலக்கை நல்ல நாளை வைத்து நிர்ணயிக்காமல், காய்ச்சலும் பயணமும் உள்ள நாளை வைத்து நிர்ணயியுங்கள். 50 சொல் போதும். ‘தினமும் எழுதுவேன்’ என்று முடிவெடுப்பதைவிட ‘பல் துலக்கியவுடன் கோப்பைத் திறப்பேன்’ என்று ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு முடிச்சுப் போடுவது நெடுநாள் நிற்கும். நாளுக்கொரு எளிய உரைக்கோப்பு வைத்து, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிட்டால், அவை தாமாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும், எந்தச் செயலி நின்றுபோனாலும் எழுத்து உங்களிடமே இருக்கும். வேர்டில் மீட்புப் பதிவு 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்றிருப்பதை 2 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். அது காப்புப்பிரதி ஆகாது என்பதையும் மறவாதீர்கள், பிரதி வேறொரு கருவியில் இருக்க வேண்டும்.

கணக்கு வைப்பதே எழுத்துக்குப் பகை என்பது போல நெடுங்கணக்கு நண்பர் எழுதியிருப்பதையும் நான் ஏற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப், அஞ்சல் துறை வேலைக்கு நடுவே, கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால்மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதினார். உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எழுதும் நேரத்தை டைமரால் அளந்து, எழுதியதை வரைபடமாகக் குறித்து வந்தார். கணக்கு இவர்களைக் கெடுக்கவில்லை.

கரைமரம் எழுதியது:

பத்துவிரல் ஐயா, வைகறை யார் மேலும் பழி போடவில்லை. செயலியின் கணக்கில் பிழை இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். மேலும், நீங்கள் சுட்டிய ஆய்வில் பங்கேற்றவர்கள் தேர்ந்தெடுத்தவை உணவு, குடிநீர், உடற்பயிற்சி தொடர்பான செயல்கள். உடற்பயிற்சிக்கே மற்றவற்றைவிட அதிக நாள் பிடித்தது. சாப்பாட்டோடு ஒரு குவளை தண்ணீர் குடிப்பதற்கும், முடிவு தெரியாத ஒரு கதைக்குள் தினமும் இறங்குவதற்கும் ஒரே அளவுகோலை வைக்கலாமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

என் அனுபவம் ஐந்து வினாடி பற்றியது. விரல் ஐந்து வினாடி நின்றால், அதுவரை எழுதிய அனைத்தையும் அழித்துவிடும் ஒரு செயலியில் எழுதினேன். இரண்டு ஆண்டாக ஒரு பத்தியும் நகராமல் இருந்த என்னை அதுதான் எழுதவைத்தது, அந்த நன்றி எனக்கு இப்போதும் உண்டு. முதல் நான்கு நாளும் குறித்த நேரம் முடியும்வரை தாக்குப்பிடித்தேன். ஐந்தாம் நாள் மறைந்த தந்தையைப் பற்றி எழுதினேன். கை என் கட்டுப்பாட்டில் இல்லாதது போல ஓடியது. ஒவ்வொரு முறை தொலைபேசியை வைக்கும் முன்பும் அவர் ஒரே ஒரு சொல்லைச் சொல்வார். அந்த இடத்துக்கு வந்தபோது அந்தச் சொல் எனக்கு வரவில்லை. அவர் குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. திரையின் விளிம்பு சிவந்ததும் எழுத்துகள் மங்கியதும் தெரிந்தன. ஏதாவது ஒரு விசையைத் தட்டியிருந்தால் போதும். ஆனால் அந்த இடத்தில் வேறு எதையாவது தட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. திரை வெண்மையான பிறகுதான் சொல் வந்தது.

அந்தப் பக்கத்தைப் பிறகு மூன்று முறை எழுதிப் பார்த்தேன். தகவல்கள் எல்லாம் வந்தன. முதல் முறை இருந்தது வரவில்லை. நிற்காமல் எழுது என்பது தொடங்கத் தெரியாதவருக்கு மருந்து என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் எழுத்தில் சில நிறுத்தங்களும் வேலைதான் என்பதை எந்த டைமரும் அறிய வழியில்லை.

ஒற்றைவரி எழுதியது:

கரைமரம் சொன்ன நிறுத்தத்தோடு அழித்தலையும் சேர்க்க விரும்புகிறேன். கோப்பில் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்துவைக்கும் ‘கிட்’ (Git) என்ற கருவியில் என் கட்டுரைகளை வைத்திருக்கிறேன். நிரலாளர் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் நிரல்களைப் பராமரிப்பதற்காக உருவாக்கிய கருவிதான் அது, என்றாலும் கட்டுரைக்கும் நன்றாகவே உதவுகிறது. மாற்றங்களை அது வரி வரியாக ஒப்பிடும் என்பதால், ஒரு பத்தியை ஒரே நீளவரியாக எழுதினால், ஒரு காற்புள்ளி மாறினாலும் பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டும். அதற்காகவே வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதப் பழகினேன். என் வாக்கியங்கள் எவ்வளவு நீண்டிருந்தன என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

கூடவே தினசரி சொல்லெண்ணிக்கை காட்டும் ஒரு செயலியும் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல மாதமாகச் சரிவராத ஒரு கட்டுரையின் முன்னுரை முழுவதும் தேவையற்றது என்பது விளங்கி, அதை நீக்கினேன். கட்டுரை அந்தக் கணமே மூச்சுவிட்டது. என் வாழ்வில் நான் செய்த மிகச் சிறந்த மூன்று மணி நேர வேலை அது. செயலியின் நாட்காட்டியில் அந்த நாள் சிவப்புக் கட்டத்தில் −412 என்று பதிவாகியது. அடுத்த சில வாரம், அழிக்க வேண்டியதை அழிக்காமல் கோப்பின் அடியில் கொண்டுபோய் வைக்கத் தொடங்கியிருந்தேன், எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காக. அதை உணர்ந்த அன்று சொல் கணக்கை விட்டுவிட்டு, 25 நிமிடம் உட்கார்ந்தேனா என்பதை மட்டும் குறிக்கத் தொடங்கினேன். ட்ரோலப் கடிகாரத்தை வைத்து எழுதியிருக்கலாம், ஆனால் அந்தக் கடிகாரம் அவர் அடித்துத் திருத்தியதற்குச் சிவப்புக் கட்டம் போடவில்லை.

ஏடு எழுதியது:

நான் பகிர்வதற்கு எதுவும் இல்லை. வைகறை அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்று இரவு அந்த நேரத்தில் நீங்கள் எழுதியது என்ன?

வைகறை எழுதியது:

ஏடு, நீங்கள் கேட்ட பிறகுதான் அதை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை என்பது எனக்கு உறைத்தது. இன்று மாலை அந்தக் கோப்பைத் திறந்தேன். 338 சொல் இருக்கிறது. ஒற்றைக் கையால் அடித்ததால் பல இடங்களில் புள்ளிகள் விடுபட்டிருக்கின்றன. நான் அப்போது எழுதிவந்த கதையின் தொடர்ச்சியாகத்தான் தொடங்குகிறது, அதில் வரும் பெண் வாசலில் நின்று கடிதத்தைப் பிரிக்கிறாள். நாலைந்து வரிக்குப் பிறகு, எந்த இடைவெளியும் இல்லாமல், ‘முனகுகிறாள், நெற்றி இன்னும் சுடுகிறது’ என்று ஒரு வரி. மறுபடி கடிதம். பிறகு, ‘11.52, தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன், பாதி குடித்தாள்.’ மறுபடி கதை. கடைசியிலிருந்து இரண்டாவது வரியில், ‘12.01, முதுகு வியர்க்கிறது, விட்டுவிட்டது போலிருக்கிறது’ என்று இருக்கிறது. இவற்றை எழுதியதாக எனக்கு நினைவே இல்லை. அந்த இரவைப் பற்றி இத்தனை நாளாக எனக்கு நினைவிருந்தது 12.04 மட்டும்தான்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அருகில் வந்து உட்கார்ந்தவளுக்கு, கதையை விட்டுவிட்டு அவளைப் பற்றிய வரிகளை மட்டும் படித்துக் காட்டினேன். “தண்ணீர் நானாகவே கேட்டேனா அம்மா?” என்று கேட்டாள். ஆமாம், இங்கே எழுதியிருக்கிறது என்று திரையில் அந்த வரியைக் காட்டினேன்.