மறு: கிளட்ச் டிராக் - "இழுவை" வேண்டாம், "விடாப்பிடி"ன்னு வைக்கலாமா?

வணக்கம் எல்லாருக்கும்,

> டிராக் என்றால் இழுத்தல், ஆகவே "கிளட்ச் இழுவை" என்றே பட்டியலில் சேர்த்துவிடலாம்

நம்ம வண்டிக் கலைச்சொல் பட்டியல்ல கிளட்ச் டிராக்குக்கு, அதாவது பெடல் மிதிச்சாலும் கிளட்ச் விடாத கோளாறுக்கு, "இழுவை"ன்னு பேரு வைக்கறதுல எனக்குச் சம்மதம் இல்லைங்க ஐயா. அகராதிப்படி சரியா இருக்கலாம், ஆனா சேலத்துல எந்த டிரைவர்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க, இழுவைன்னா வண்டியோட தெம்புன்னுதான் சொல்லுவாங்க. ஏற்காடு மலை ஏறுறப்ப "வண்டில இழுவை பத்தலைங்க"ன்னு ஒருத்தர் சொன்னா இன்ஜின் சக்தி சக்கரத்துக்கு முழுசா போய்ச் சேரலைன்னு அர்த்தம், அதுக்குக் காரணம் கிளட்ச்சா இருந்தா அது ஸ்லிப்பு, டிராக் கிடையாது. நாம வைக்கப்போற பேரு நேர் எதிர்க் கோளாறைப் போய்க் காட்டும். கலைச்சொல்லுக்கு இதைவிட மோசமான கதி வேற வேணுமா?

கிளட்ச்சுக்கு ரெண்டே வேலைதான். கால் எடுத்தா பிடிக்கணும், மிதிச்சா விடணும். பிடிக்க மாட்டேங்கறது ஸ்லிப், விட மாட்டேங்கறது டிராக். முதல்ல சொன்னதுல டாப் கியர்ல ஆக்சிலேட்டர் மிதிச்சா இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது, கருகுன வாடை வரும். ரெண்டாவதுல பெடலை அடிமட்டம் வரைக்கும் மிதிச்சாலும் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலை (இன்ஜினோட சேந்து சுத்துற சக்கரம்) விட்டு முழுசா விலகாது, அதனால கியர்பாக்ஸ்க்குள்ள போற ஷாஃப்ட் சுத்திட்டே இருக்கும், நின்ன எடத்துல ஃபர்ஸ்ட் போட்டா கியர் விழாது இல்ல கரகரன்னு அரைச்சிட்டு விழும், சில வண்டி பெடல் மிதிச்சிருக்கறப்பவே மெல்ல நகரப் பாக்கும். நம்ம பக்கம் ரெண்டுக்கும் சேத்து "கிளட்ச் போச்சு"ன்னு ஒரே வார்த்தை. விவரமான மெக்கானிக்கா இருந்தா "கிளட்ச் கட் ஆகலை"ம்பாரு, அது நல்லாப் புரியற பேச்சு, ஆனா பட்டியல்ல ஏத்த ஒரு பெயர்ச்சொல் வேணுமில்லைங்களா.

இதுக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டுறதுக்குக் காரணம், பழைய மாருதி 800, பத்மினி, அம்பாசிடர் இதெல்லாம் வெச்சிருக்கவங்க பேரு தெரியாம காசை விடுறாங்க. ரிவர்ஸ் போட்டா அரைக்குதுன்னு ஒர்க்‌ஷாப்ல சொன்னா எடுத்த உடனே "பெட்டிய (கியர்பாக்ஸை) இறக்கணும்"னு பதில் வருது. பெட்டியை இறக்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது எவ்வளவோ இருக்கு. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு எல்லா கியரையும் ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க, வெண்ணெயாட்டம் விழுந்து, இன்ஜின் ஓடுறப்ப மட்டும் முரண்டு பண்ணுச்சுன்னா பழி கிளட்ச் மேலதான். ஆஃப்லயே முரண்டு பண்ணுனா லிவருக்குக் கீழ இருக்கற ராடு, புஷ், பெட்டிக்குள்ள ஃபோர்க் இப்படிப் போகணும். அப்புறம் ஐடில்ல நியூட்ரல்ல வெச்சு பெடலை முழுசா மிதிச்சு நாலு செகண்ட் சும்மா இருந்துட்டு ரிவர்ஸ் போடுங்க. பழைய வண்டிகள்ல பெரும்பாலும் ரிவர்சுக்கு சிங்க்ரோ (கியர் விழறதுக்கு முன்னாடி சுத்துற ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர்ற அமைப்பு) கிடையாது, அதனாலதான் இந்தச் சோதனைக்கு அதை எடுக்கறோம். கிளட்ச் ஒழுங்கா விட்டிருந்தா அந்த நாலு செகண்ட்ல ஷாஃப்ட் தானா நின்னுருக்கும். அப்பவும் அரைச்சா பிளேட் இன்னும் பிடிச்சிட்டுத்தான் இருக்கு.

இது ஒண்ணு. ஓடிட்டிருக்கறப்ப ஒரே ஒரு கியர் மட்டும், உதாரணத்துக்கு தேர்டுல இருந்து செகண்ட் இறக்குறப்ப மட்டும் அரைக்குது, மத்ததெல்லாம் நல்லா விழுதுன்னா அது அந்த கியரோட சிங்க்ரோ ரிங் தேய்ஞ்சது. டபுள் கிளட்ச் அடிச்சா (நடுவுல நியூட்ரல்ல விட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்ச்சை ரெண்டு தரம் மிதிச்சு மாத்துனா) சத்தமில்லாம விழும், அதை வெச்சே உறுதி பண்ணிக்கலாம். டிராக்னா ஒரு கியரோட நிக்காது, எல்லாத்துலயும் தெரியும். இன்னொண்ணும் சொல்லிடறேன், பத்மினி மாதிரி வண்டியில ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது, ஏற்காடு ரோட்டுல இருக்கற 20 கொண்டை ஊசி வளைவுல வண்டி ஓடிட்டிருக்கறப்பவே ஃபர்ஸ்டுக்கு இறக்குனா அரைக்கத்தான் செய்யும், அது கோளாறே இல்ல.

இப்ப சொல்லுக்கு வர்றேன். என்னோட பரிந்துரை விடாப்பிடி. விட வேண்டிய எடத்துல விடாம பிடிச்சிட்டு நிக்கறது, கோளாறு என்னன்னு சொல்லே சொல்லிடுது. "கிளட்ச் விடாப்பிடி"ன்னு சொன்னா சேர்வராயன் மலையில எஸ்டேட் ஜீப் ஓட்டுறவருக்கும் விளக்கம் தேவையில்ல. அங்க ஈரத்துல மழைக்காலம் முழுக்க ஷெட்லயே நின்ன வண்டியில பிளேட் துருப்பிடிச்சு ஃபிளைவீலோட ஒட்டிக்கும், பெடல் மிதிச்சாலும் விடவே விடாது, அது முழு விடாப்பிடி. கேபிள் தளர்ந்து பெடல்ல பிளே (சும்மா ஆடுற தூரம்) அதிகமானது, ஹைட்ராலிக் கிளட்ச்சா இருந்தா லைன்ல காத்து ஏறுனது, பிளேட் கோணுனது, இதுல எல்லாம் பாதி விடும் பாதி விடாது, அதை அரை விடாப்பிடின்னு சொல்லிக்கலாம். இதுல கேபிளும் காத்தும் பெட்டியை இறக்காமலே சரி பண்றது.

> விடாப்பிடி மனிதக் குணத்தைக் குறிக்கும் சொல், பொறியியலுக்குப் பொருந்துமா?

பொருந்துங்க அண்ணா. போல்ட் அடம் பிடிக்குது, இன்ஜின் திணறுது, வண்டி முக்குதுன்னு பட்டறையில பாதிப் பேச்சு மனுசக் குணத்துலதான் ஓடுது. அந்தப் பேச்சுல இருந்து எடுத்த சொல்லுன்னாதான் திரும்ப அந்தப் பேச்சுக்குள்ள போகும்.

ஸ்லிப்புக்கு நீங்க சொன்ன "நழுவல்" அருமை, வழுக்கலை டயருக்கு விட்டுடலாம். ஆனா அதே நழுவலை கியர் தானா நியூட்ரலுக்கு வந்து விழறதுக்கும் போடலாம்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, அதை மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. பட்டறைகள்லயும் அதை "கியர் ஸ்லிப் ஆகுது"ன்னு சொல்றதுனால வர்ற குழப்பம் இது. கிளட்ச் நழுவுனா மலை ஏற முடியாது, அவ்வளவுதான். கியர் கழண்டா இறக்கத்துல இன்ஜின் பிடிமானமே போயிடும், முழு பாரமும் பிரேக் மேல விழும், அடிவாரம் வரைக்கும் பிரேக் காஞ்சு போய் பிடிக்காமயே போகலாம். உயிர் சம்பந்தப்பட்ட கோளாறுக்குத் தனிச்சொல் கட்டாயம் வேணும். "கியர் கழலல்"னு வைக்கலாம்ங்கறது என் எண்ணம்.

சிங்க்ரோ ரிங்குக்கு "ஒத்திசைவு வளையம்"னு வந்திருக்கு, பரவாயில்ல, ஆனா இசைங்கறது உள்ள வந்தாலே பாட்டு ஞாபகம் வருது. சுத்துற ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர்ற வளையம்ங்கறதால "சமவேக வளையம்" இன்னும் நேரடியா இருக்கும். இதுல நான் பிடிவாதமா இல்லைங்க, எது வந்தாலும் சரி.

பட்டியலுக்கு நான் எழுதுன பதிவு இது, திருத்தம் இருந்தா சொல்லுங்க:

விடாப்பிடி: பெடலை முழுமையாக மிதித்த பிறகும் கிளட்ச் தட்டு விலகாமல் கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் கோளாறு. எதிர்: நழுவல்.

சங்ககிரி, நாமக்கல் லாரிப் பட்டறைப் பக்கம் பழக்கம் இருக்கறவங்க நம்ம குழுவுல இருக்கீங்க, அங்க இதுக்கு ஏற்கெனவே ஒரு பேரு புழங்குதான்னு கேட்டு எழுதுங்க. இருந்தா என் சொல்லை எடுத்துட்டு அதையே வெச்சுக்கலாம்.