சக்கரம் வைத்த கம்ப்யூட்டரா, கம்ப்யூட்டர் வைத்த வண்டியா?

பூட்லோடர்

கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டிப் பழகினவன் கண்ணுக்கு கார் எப்படித் தெரியுமோ அப்படி எழுதறேன். திட்டறவங்க காரணத்தோட திட்டுங்க.

இன்ஜின் 15 வருஷம் தாங்கும், நடுவுல இருக்கிற பெரிய திரை தாங்காது. பழைய டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளை எடுத்துக்குங்க. டெக்ரா 3 சிப், கூட 8 ஜிபி ஈஎம்எம்சி நினைவகம். லாக் ஃபைலை எழுதி எழுதியே அந்த நினைவகம் தேய்ஞ்சு போச்சு. ஒவ்வொரு பிளாக்கையும் சுமார் 3,000 தடவைதான் அழிச்சு எழுத முடியும். தினசரி ஓட்டத்துல 5, 6 வருஷத்துல அது தீர்ந்துடும். திரை செத்ததும் பின்பக்க கேமராவும் கண்ணாடிப் பனியை நீக்கற கட்டுப்பாடும் கூடவே செத்துது. 2021-ல சுமார் 1.35 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைச்சாங்க. லேப்டாப்பா இருந்தா 10 நிமிஷத்துல எஸ்எஸ்டி மாத்திட்டு எழுந்திருப்போம்.

அதனால வண்டிக்குள்ளயே நேவிகேஷன், பாட்டு ஆப் எதுவும் வேண்டாம். போனைக் காட்ட ஒரு திரை, ஏசிக்குத் திருகு, போதும். மறக்காம ஒரு ஓபிடி ஸ்கேனர், அதாவது வண்டியோட சாக்கெட்டில மாட்டி அதோட கம்ப்யூட்டர் பதிஞ்சு வெச்ச பழுதுக் குறியீடுகளைப் படிக்கிற கருவி. டூல் கிட்ல ஸ்பேனர் இல்லாட்டியும் பரவாயில்லை. வண்டிக்கு என்ன நோய்னு ஸ்கேனரே சொல்லிடும், அந்தப் பாகத்தை மாத்தினா முடிஞ்சுது.

ஸ்பானர்12

மத்ததெல்லாம் இருக்கட்டும் தலைவரே, அந்தக் கடைசி வரிதான் ஆபத்து. ஸ்கேனர் நோயைச் சொல்லாது. யாரு புகார் கொடுத்தாங்கன்னு மட்டும்தான் சொல்லும்.

பி0420-ங்கற பழுதுக் குறியீட்டை (கோடு) எடுத்துக்குங்க. "கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் திறன் குறைவு"ன்னு வரும், அதாவது புகையைச் சுத்தம் பண்ற பாகம். படிச்சவுடனே கன்வர்ட்டரை மாத்துவாங்க. வண்டியிலயே விலை கூடின பாகங்கள்ல அது ஒண்ணு. மாத்தி ரெண்டு வாரத்துல அதே கோடு திரும்ப வரும். ஏன்னா புகார் கொடுத்தது பின் ஆக்சிஜன் சென்சார். சைலன்சர் குழாய்ல, அந்த சென்சாருக்கு முன்னாடி ஒரு சின்ன ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள புகுந்து ரீடிங்கைக் கெடுத்துடும். சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனாலும் இதே கோடுதான். புதுக் கன்வர்ட்டரையும் அந்த மிஸ்ஃபயர் எரிச்சுடும்.

எப்படிப் பார்க்கணும்? இன்ஜினை நல்லா சூடாக்கி 2,500 ஆர்பிஎம்ல நிறுத்துங்க. பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் அசையாம நின்னா கன்வர்ட்டர் வேலை செய்யுது. 0.1-க்கும் 0.9-க்கும் நடுவுல துள்ளிக்கிட்டே இருந்தா சந்தேகப்படலாம். அப்பவும் முதல்ல ஓட்டை இருக்கான்னு பாருங்க. இன்ஜின் குளிரா இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, மேனிஃபோல்டு இணைப்பு பக்கம் "டிக் டிக்"னு சத்தம் வருதா, கரி படிஞ்சிருக்கான்னு பார்த்தாலே பாதி தெரிஞ்சுடும்.

பூட்லோடர்

நீங்க சொன்ன 0.6 வோல்ட்டை எதுல பார்த்தீங்க? ஸ்கேனர்லதானே! அப்போ நான் சொன்னதுதான் சரி. கோடு மட்டும் படிச்சா அது படிக்கிறவன் தப்பு, கருவி மேல பழி போடாதீங்க.

இதுல மந்திரமும் இல்லை. இன்ஜின் வேகத்தைக் கேட்க ஸ்கேனர் 010சி-ன்னு ஒரு கேள்வி அனுப்பினா ரெண்டு பைட் பதிலா வரும். முதல் பைட் 26, ரெண்டாவது 248-னு வெச்சுக்குங்க. 26-ஐ 256-ஆல பெருக்கி 248-ஐக் கூட்டி 4-ஆல வகுத்தா 1,726 ஆர்பிஎம். கூலன்ட் சூடு இன்னும் எளிது, வர்ற எண்ல 40-ஐக் கழிச்சா செல்சியஸ். இவ்வளவு வெளிப்படையா ஒரு பிரின்டர்கூடப் பேசாது.

ஸ்பானர்12

அப்போ "அதுவே சொல்லிடும், பாகத்தை மாத்தினா முடிஞ்சுது"ங்கறதை வாபஸ் வாங்குங்க, சண்டை முடிஞ்சுது.

பி0171-ம் அப்படித்தான், "கலவையில பெட்ரோல் குறைவு". இதுக்கும் நிறைய பேர் ஆக்சிஜன் சென்சாரை மாத்துவாங்க. ஃபியூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற திருத்தம், குறுகிய காலம், நீண்ட காலம்னு ரெண்டு இருக்கும், ரெண்டையும் கூட்டிப் பாருங்க. கூட்டல், கழித்தல் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா பயம் இல்லை. ஐடில்ல (ஆக்சிலரேட்டர் மிதிக்காம ஓடும்போது) +20-க்கு மேல இருந்து, 2,500 ஆர்பிஎம்ல +5-க்கு இறங்கினா எங்கேயோ காத்து கசியுது: வேக்குவம் குழாய், இன்டேக் கேஸ்கெட், பிசிவி குழாய். ஐடில்ல சரியா இருந்து, ஏத்தத்துல ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஏறினா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். பம்பு, ஃபில்டர், இல்லேன்னா அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார். ஒரே கோடுதான், ரெண்டு வேற வேற கதை.

கடைசியா ஒண்ணு. கோடை அழிச்சுட்டு "சரியாயிடுச்சு"ன்னு சொல்றது பெரிய ஏமாத்து. அழிச்சா ஃப்ரீஸ் ஃபிரேம் போயிடும். கோடு விழுந்த நேரத்துல வண்டி என்ன வேகம், என்ன சூடு, என்ன லோடுங்கற ஒரே சாட்சி அதுதான். முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அப்புறம் அழிங்க.

மில்லிவோல்ட்

ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. போனோடு இணையும் சின்ன ஓபிடி ஸ்கேனரான ப்ளூடூத் டாங்கிளைப் பெரும்பாலானவர்கள் சாக்கெட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். ஓபிடி சாக்கெட்டின் 16-ஆம் பின் நேராக பேட்டரி. சாவியை எடுத்தாலும் மின்சாரம் ஓடும். டாங்கிள் 40 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு சுமார் 1 ஆம்பியர் மணி. ஒரு மாதம் நிற்கும் வண்டியில் 29 ஆம்பியர் மணி காலி. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு! வண்டி தனக்காக இழுப்பது இதில் சேரவில்லை. பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ்கேம் இன்னும் மோசம். 250 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 6 ஆம்பியர் மணி. 12.2 வோல்ட்டில் வெட்டிவிடும் வயரிங் கிட் இல்லாமல் மாட்டவே கூடாது.

பேட்டரி இறங்கினால் பிறகு வருகிற கோடுகள் எல்லாம் பொய். ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் 9-க்குக் கீழே விழுந்தால் ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக் எல்லாம் ஒரே நேரத்தில் புலம்பும். ஐந்து மாட்யூல் (கட்டுப்பாட்டுப் பெட்டி) ஒரே நாளில் கெடுவது நடக்காத காரியம். ஸ்கேனருக்கு முன் மல்டிமீட்டர்: இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை.

பூட்லோடர்

டாங்கிள் கணக்கு சரி, ஒத்துக்கறேன். கழட்டி கிளவ் பாக்ஸ்ல போடுங்க. ப்ளூடூத் ஜோடிக்கு 1234-னு பாஸ்வேர்டு வெச்ச சாதனத்தை வண்டியோட நரம்புல மாட்டி விடறது எப்படியும் புத்திசாலித்தனம் இல்லை.

ஏழுஅங்குலம்

திரையைப் பற்றிச் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. டெஸ்லா நினைவகச் சிக்கல் உண்மைதான். ஆனால் அது அளவுக்கு மீறி எழுதிய மென்பொருளின் குற்றம், திரையின் குற்றம் அல்ல. கார் சிப் பழையதாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. கார் சிப்களுக்கான ஏஇசி-க்யூ100 தரத்தில் 3-ஆம் நிலைக்கே கழித்தல் 40 முதல் 85 டிகிரி வரை தாங்க வேண்டும். 2-ஆம் நிலைக்கு 105. வெயிலில் மூடி நிற்கும் வண்டியின் டாஷ்போர்டில் உங்கள் போனை வைத்துப் பாருங்கள், சூடு எச்சரிக்கை காட்டிவிட்டு அணைந்துவிடும். அந்த போனை நம்பியா வழி காட்டச் சொல்கிறீர்கள்?

பொத்தான் தேய்ந்தால் என்ன செய்வீர்கள்? திரையில் ஒரு மெனு சரியில்லை என்றால் அப்டேட்டில் மாற்றலாம். தவறான இடத்தில் வைத்த பொத்தானை எந்த அப்டேட்டும் நகர்த்தாது.

ஸ்பானர்12

பொத்தானை நகர்த்த வேண்டாம், அதனோட பெருமையே நகராததுதான். விரல் அங்கே தானா போகும், கண்ணு ரோட்டுல இருக்கும். சுவீடன்ல 'வி பிலாகாரே' பத்திரிகை 2022-ல சோதிச்சாங்க. 110 கி.மீ. வேகத்துல நாலு வேலை. 2005 வால்வோ வி70-ல பொத்தான்லயே 10 விநாடி, அதுக்குள்ள வண்டி ஓடினது 306 மீட்டர். அதே வேலைக்கு, இருக்கறதுலயே மோசமான திரை வண்டியில 1,372 மீட்டர்.

ஏழுஅங்குலம்

அந்த நாலு வேலை என்ன என்பதையும் சொல்லுங்கள். சீட் ஹீட்டர், ரேடியோ எல்லாம் சரி. டிரிப் மீட்டரைச் சுழியமாக்குவதும் திரையை அணைப்பதும் அதில் உண்டு. 110-இல் போகும்போது டிரிப் மீட்டரை யார் அழிக்கிறார்கள்? அதைச் சிக்னல் விளக்கில் நிற்கும்போது செய்யலாம்.

ஸ்பானர்12

கண்ணாடிப் பனியை நீக்கறதும் அந்தப் பட்டியல்ல இருக்கு. மழையில கண்ணாடி மூடிக்கிச்சுன்னா சிக்னல் வர்ற வரைக்கும் காத்திருப்பீங்களா? வண்டிகளோட பாதுகாப்பைச் சோதிக்கிற யூரோ என்கேப் அமைப்பு சும்மாவா 2026-லேருந்து இண்டிகேட்டர், ஹஸார்டு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு, இந்த அஞ்சுக்கும் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தாத்தான் முழு மதிப்பெண்ணுன்னு கொண்டு வந்தாங்க?

ஏழுஅங்குலம்

அந்த அஞ்சுக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் பட்டியலில் ஏசி இல்லை, கவனித்தீர்களா?

பூட்லோடர்

இருந்திருக்கணும்!

போன் சூடு விஷயத்துல ஏழுஅங்குலம் பாதி சரி. வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு ப்ளூடூத் கைகுலுக்கறதுக்கு மட்டும்தான், படம் முழுக்க 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல போகுது. அதோட வயர்லெஸ் சார்ஜர் தட்டுல போனை வெச்சா ரெண்டு சூடும் சேர்ந்து, அரை மணியில வேகம் குறையும், அப்புறம் இணைப்பு அறும். தீர்வு கேபிள்தான். ஒரு மீட்டருக்குள்ள, டேட்டா போற கேபிள். பாதி "ஆண்ட்ராய்டு ஆட்டோ வேலை செய்யலை" புகார், சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிளாலயும் போனோட துளையில அடைஞ்ச பஞ்சாலயும்தான். மரக்குச்சியால பஞ்சை எடுத்துட்டு அப்புறம் போனை ரீசெட் பண்ணுங்க.

டயர்குறி

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். 64 ஜிபி பென் டிரைவ் லேப்டாப்ல தெரியுது, வண்டியில "சாதனம் இல்லை"ங்குது. ஏன்?

பூட்லோடர்

எக்ஸ்ஃபேட்ங்கற ஃபார்மட்ல இருக்கும், பல கார் ஸ்டீரியோ அதைப் படிக்காது. ஃபேட்32-க்கு மாத்துங்க. விண்டோஸோட வழக்கமான ஃபார்மட் பெட்டியில 32 ஜிபிக்கு மேல அந்த வாய்ப்பே வராம இருக்கலாம், அதுக்குத் தனிச் செயலி வேணும். பார்ட்டிஷன் பட்டியல் எம்பிஆர்ங்கற பழைய முறையில இருக்கணும். ஜிபிடிங்கற புது முறைன்னா பல ஸ்டீரியோவுக்குக் கண்ணே தெரியாது. பாட்டு வரிசை மாறி வந்தா, பெயருக்கு முன்னாடி 01, 02 போட்டு, ஒவ்வொண்ணா அதே வரிசையில காப்பி பண்ணுங்க.

அப்டேட்டுக்கு வர்றேன். கம்ப்யூட்டர்ல எதையும் பழசா விடமாட்டேன், வண்டியிலயும் அதே. 2015-ல பாதுகாப்பு ஆய்வாளர்கள் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஓடற ஜீப்பை இன்டர்நெட் வழியா நிறுத்தினாங்க, 14 லட்சம் வண்டிக்குத் திருத்தம் கொடுக்க வேண்டியதாச்சு. போட்டவன் தப்பிச்சான்.

ஸ்பானர்12

பாதுகாப்புத் திருத்தம்னா போடுங்க. "புது ஐகான் வந்திருக்கு"ன்னா ஓடறதைத் தொடாதீங்க. வெளியிலேர்ந்து வர்ற டேட்டா என்ன பண்ணும்னு 2022-ல சியாட்டில்ல பார்த்தோமே: ஒரு எஃப்எம் நிலையம் எக்ஸ்டென்ஷன் இல்லாத படத்தை அனுப்பினதுல 2014 முதல் 2017 வரைக்குமான மஸ்டா வண்டிகளோட திரை விடாம ரீபூட் ஆச்சு. பெயர்ல ஒரு புள்ளியும் மூணு எழுத்தும் இல்லாததுக்கு இவ்வளவு பாடு.

பூட்லோடர்

இதைவிட அப்டேட்டுக்கு வேற சாட்சி வேணுமா? எக்ஸ்டென்ஷன் இல்லாத ஃபைலைப் பார்த்துச் செத்துப்போற மென்பொருளைத் திருத்தாம வெச்சிருக்கறதா?

மில்லிவோல்ட்

போடுவதா வேண்டாமா என்பதைவிட எப்படிப் போடுவது என்பதில்தான் வண்டி சாகிறது. இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரான ஈசியூவை ஃபிளாஷ் செய்யும்போது, அதாவது புது நிரலை எழுதும்போது, இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். ஃபேன், விளக்கு, மாட்யூல்கள் சேர்ந்து 10, 20 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 4 ஆம்பியர் சார்ஜரை மாட்டிவிட்டு "பவர் இருக்கிறது" என்று நினைப்பது தவறு. நிலையான 13 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும் பெரிய சப்ளை வேண்டும். பாதியில் மின்னழுத்தம் விழுந்தால் பழைய நிரலும் இல்லை, புதியதும் இல்லை. திரைக்கான யுஎஸ்பி அப்டேட் அவ்வளவு ஆபத்தில்லை. இக்னிஷன் தானாக அணைந்துவிடும் வண்டியானால் இன்ஜினை ஓடவிடுங்கள், ஆனால் திறந்த வெளியில். மூடிய கராஜில் புகை ஆளைக் கொல்லும்.

பேட்டரி அடிக்கடி இறங்கினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். திரும்ப மாட்டும்போது தூங்கிய மாட்யூல் விழித்துவிடும். பானட் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடியதுபோல் வையுங்கள், ரிமோட் சாவியைத் தள்ளி வையுங்கள், அரை மணி பொறுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபியூஸின் தலையில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளுக்கும் நடுவே மில்லிவோல்ட் அளவிடுங்கள். 10 ஆம்பியர் மினி ஃபியூஸில் 0.4 மில்லிவோல்ட் என்றால் சுமார் 50 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. சுழியம் காட்டாத ஃபியூஸ்தான் தடயம்.

டயர்குறி

பென் டிரைவ் படிக்குது, நன்றி. இன்னொண்ணு. வெளியில வாங்கின ஸ்டீரியோ மாட்டினதுலேர்ந்து மீட்டர்ல எச்சரிக்கை விளக்கு விட்டு விட்டு எரியுது. ஸ்கேனர்ல "தொடர்பு இல்லை"ங்கற யூ-கோடு நாலு. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

ஸ்பானர்12

மாட்யூல் எதையும் வாங்காதீங்க. பேட்டரி நெகட்டிவைக் கழட்டி அஞ்சு நிமிஷம் விடுங்க. ஓபிடி சாக்கெட்டில 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க. மாட்யூல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசற கேன் பஸ் வயரோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் தடை இருக்கும், சேர்ந்து 60 காட்டணும். சில வண்டியில சாக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல கேட்வேங்கற இடை மாட்யூல் இருக்கும், அங்கே இந்தக் கணக்கு சாக்கெட்டில தெரியாது.

டயர்குறி

40 காட்டுது.

பூட்லோடர்

மூணாவது 120 ஓம் உள்ள வந்திருக்கு. ஸ்டீரியோவோட வந்த கேன் அடாப்டர் பெட்டியைக் கழட்டிட்டுத் திரும்ப அளந்து பாருங்க.

ஸ்பானர்12

அதேதான். 60 வந்துட்டா அந்தப் பெட்டியைத் திறந்து, அந்த 120 ஓமைச் சேர்க்கிற டெர்மினேஷன் ஜம்பர் (சின்ன இணைப்பான்) இருந்தா எடுத்துடுங்க. இல்லாட்டி "121"னு எழுதின சின்ன ரெசிஸ்டரைத் தேடுங்க, அதுதான் 120 ஓம்.