டன்னிக்லிஃபின் அளவுச் சித்திரங்களை நேரில் காண வழி கூறுங்கள்

குழு அன்பர்களுக்கு வணக்கம். வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில், லாங்கெவ்னியில் இருக்கும் ஓரியல் மோன் அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தவர்களின் உதவியை நாடி இதை எழுதுகிறேன். பறவை ஓவியர் சார்ல்ஸ் டன்னிக்லிஃபின் படைப்புகள் பெருந்தொகையாக அங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன.

1901இல் பிறந்த அவர், 1947 முதல் 1979இல் மறையும்வரை அத்தீவின் மால்ட்ரைத் கிராமத்தில், கழிமுகத்தைப் பார்த்தபடி அமைந்த வீட்டில் வாழ்ந்தார். இறந்து கிடந்த பறவைகளைத் தெரிந்தவர்கள் கொண்டுவந்து கொடுக்க, அலகு, கால், சிறகு என ஒவ்வொன்றையும் அளந்து, பறவையின் உண்மையான அளவிலேயே இறகு இறகாக வரைந்து வைத்தார். விற்பதற்காக அன்றி, தம் ஓவியங்களுக்கு ஆதாரமாகவே அவற்றைச் சேர்த்தார் என்பது என்னை நெகிழச் செய்கிறது.

நான்கு ஆண்டுகளாகப் பறவைகளை வரைந்து பழகிவரும் எனக்கு, விரித்த சிறகின் நீண்ட இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் கோடுகள் இன்றும் குழம்பிவிடுகின்றன. அச்சில் சுருங்கிய படங்களைப் பார்த்து இது தெளியவில்லை.

வரும் மே மாதம் மான்செஸ்டரில் உள்ள அக்கா வீட்டுக்குச் செல்கிறேன். அச்சித்திரங்கள் எப்போதும் பார்வைக்கு இருக்கின்றனவா, முன்கூட்டியே எழுதிக் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்களா? அவற்றின் முன் அமர்ந்து பென்சிலால் வரைந்து பழக அனுமதி உண்டா? பாங்கர் ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் சென்றால், மால்ட்ரைத் கழிமுகத்தையும் பார்த்துவிட்டு அன்றே திரும்ப இயலுமா? விவரம் அறிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.