மாமியாரின் கொள்ளுப்பாட்டியைப் பத்திர ஆபீஸில் தேடிய அனுபவம்

பழைய குடும்ப ஆவணங்களைத் தேடிப் போன அனுபவம் இருப்பவர்கள் எழுதலாமே என்று ஆரம்பிக்கிறேன். முதலில் என்னுடையது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருமணமாகி வட கரோலினாவுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். மாமியாருக்கு இப்போது வயது 78. மாநிலத்தின் கிழக்குப் பக்கம், புகையிலையும் பருத்தியும் விளைந்த ஒரு கவுண்டியில் பிறந்து வளர்ந்தவர். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி, ஆனால் அளவில் சிறியது. இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 100 கவுண்டிகள். நிலப் பத்திரம், திருமணம், உயில், வழக்கு எல்லாமே கவுண்டி கோர்ட்டைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது, அதனால் யாரைத் தேடினாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

மாமியாரின் தாத்தா 1939-இல் இறந்தார். வட கரோலினாவில் 1913-இலிருந்து மாநில அளவில் இறப்புப் பதிவு உண்டு, சான்றிதழில் இறந்தவரின் அப்பா அம்மா பெயரையும் கேட்பார்கள். தாத்தாவின் சான்றிதழில் அப்பா பெயர் இருந்தது. அம்மா பெயர் என்ற இடத்தில் ‘தெரியாது’. அந்தத் தகவலைக் கொடுத்தது மாமியாரின் அப்பா, அதாவது சொந்தப் பேரனுக்கே தன் பாட்டியின் பெயர் தெரியவில்லை. மாமியார் அந்தத் தாளைப் பல வருடமாகப் பைபிளுக்குள் வைத்திருந்தார். ஒரு நாள் எடுத்துக் காட்டி, “இந்த ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டால் போதும் எனக்கு” என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது.

முதலில் எல்லோரையும் போல சென்சஸில் தேடினேன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் பெயரோடு வருகிற முதல் கணக்கெடுப்பு 1870. அதில் தாத்தா எட்டு வயதுப் பையனாக இருக்கிறார், வீட்டில் அவர் அப்பா, 42 வயதுப் பெண் ஒருத்தி, இன்னும் மூன்று பிள்ளைகள். ஆனால் யாருக்கு யார் என்ன உறவு என்பதை 1870-இல் எழுதவில்லை, 1880-இல்தான் அந்தக் கேள்வியே வந்தது. அந்தப் பெண் அம்மாவா, சித்தியா, அத்தையா, எதுவும் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் 1850, 1860 இரண்டுக்கும் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். பெயர் கிடையாது. வரிசையாக 28 பெண், 30 ஆண், 2 பெண் என்று போகும். அந்தப் பக்கத்தை மாமியாரோடு உட்கார்ந்து பார்த்த மாலையை மறக்கவே மாட்டேன், அவர் எதுவும் பேசாமல் எண்களின் மேல் விரலை வைத்துக் கீழே கீழே கொண்டுபோனார்.

அங்கேயே ஆறு மாதம் நின்றுவிட்டேன். அப்புறம் வழி காட்டியது என் அப்பாதான்.

அப்பா தஞ்சாவூர் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் நாற்பது வருடம் பத்திரம் எழுதியவர். வாட்ஸாப்பில் பேசும்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “அந்தக் குடும்பத்துக்கு நிலம் இருந்ததா?” இருந்தது. தாத்தா 31 ஏக்கர் வாங்கினார், அந்த வீட்டில்தான் மாமியாரே பிறந்தார். “அப்ப மூலப் பத்திரத்தை எடு. செக்குபந்தியைப் படி, அதான் நாலு பக்க எல்லை விவரம். பக்கத்து நிலத்துக்காரன் யாருன்னு பாரு, அவன் பத்திரத்தை எடு.”

சரி என்று ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மாமியாரையும் கூட்டிக்கொண்டு கவுண்டியின் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் எனக்கு அப்பாவின் உலகத்துக்குள் போன மாதிரியே இருந்தது. எழுதிக் கொடுத்தவர் பெயரில் ஒரு அட்டவணை, எழுதி வாங்கியவர் பெயரில் இன்னொன்று. நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போலத்தான் தேட வேண்டும். புத்தகம் ஒவ்வொன்றும் தலையணை அளவு. தூக்கினால் முதுகு போய்விடும் என்பதால் இரும்பு அலமாரியில் உருளைகள் வைத்து, அப்படியே உருட்டி வெளியே இழுக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள்.

1893-ஆம் வருடப் பத்திரம் கிடைத்தது. ஓடை ஓரத்து முளைக்குச்சியில் ஆரம்பித்து, வடகிழக்கே 62 ‘போல்’ (pole) தூரம் போய்ச் செங்கருவாலி மரத்தில் முட்டி, அங்கிருந்து திரும்பி என்று எல்லை போகிறது. ஒரு போல் என்பது பதினாறரை அடி. நாலு போல் சேர்ந்தால் 66 அடிச் சங்கிலி, 100 லிங்க்ஸ், அதாவது நம் ஊர் சர்வேயர் இழுத்த அதே சங்கிலி. படத்தை அனுப்பினேன், அப்பா அரை மணி நேரத்தில் காகிதத்தில் வரைந்தே காட்டிவிட்டார். தெற்கு எல்லையில்தான் விஷயம் இருந்தது: ‘காலஞ்சென்ற இன்னாரின் விதவை பாக எல்லை வழியாக’. கணவன் இறந்தால் மனைவிக்கு அவள் ஆயுள் வரைக்கும் மூன்றில் ஒரு பங்கு நிலம் ஒதுக்குவார்கள், அதன் எல்லை. பத்திரத்தை எழுதிக் கொடுத்த வெள்ளைக்காரர் அந்தக் காலஞ்சென்றவரின் மகன்.

மாமியாரின் குடும்பப் பெயரும் அந்தக் குடும்பத்தின் பெயரும் வேறு வேறு. விடுதலையானவர்கள் எல்லோரும் கடைசி உரிமையாளரின் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அது எப்போதும் உண்மையில்லை. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடியதால்தான் எனக்கு ஆறு மாதம் வீணாய்ப் போனது.

அந்தக் காலஞ்சென்ற வெள்ளைக்காரரின் சொத்துக் கோப்பு ராலேயில் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. (வட கரோலினாவின் பழைய சொத்துக் கோப்புகளை ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசமாகவும் பார்க்கலாம், வீட்டிலிருந்தே தேட விரும்புகிறவர்கள் அங்கே ஆரம்பியுங்கள்.) மாமியார் நேரில் பார்க்க வேண்டும் என்றார். பேனா கொண்டுபோக முடியாது, பென்சில் மட்டும்தான்.

கோப்பில் கடன் சீட்டு, மருத்துவர் பில், சவப்பெட்டிக்கு ரசீது, எல்லாம் இருந்தது. நடுவில் நாலாக மடித்த நீல நிறத் தாள் ஒன்று. 1856-ஆம் வருடம் வாரிசுகள் செய்துகொண்ட பாகப்பிரிவினை. அப்பா எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் ஏ ஷெட்யூல், பி ஷெட்யூல் என்று வரும், நஞ்சை இத்தனை, புஞ்சை இத்தனை, பித்தளை அண்டா ஒன்று, வண்டி மாடு ஒரு ஜோடி. இங்கே லாட் 1, லாட் 2 என்று ஐந்து பாகம், ஒவ்வொன்றிலும் மனிதர்கள், பெயருக்கு எதிரே டாலர் கணக்கு. லாட் 2, மகளுக்கு: ஒரு பெண், வயது 28, கூட இரண்டு வயதுப் பெண் குழந்தை, இருவரும் சேர்ந்து 950. லாட் 4, மகனுக்கு: ஒரு ஆண், 1000. பாகம் சமமாக இல்லாததால் லாட் 2 வாங்கியவர் லாட் 5-க்கு 37 டாலர் 50 சென்ட் ரொக்கம் கொடுக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி. ஆணின் பெயர் தாத்தாவின் அப்பா பெயர். பெண்ணின் பெயர் 1870 வீட்டில் இருந்த பெண்ணின் பெயர், வயதும் பொருந்துகிறது. லாட் 4-ஐ எடுத்த மகன்தான் 1893-இல் நிலத்தை விற்றவர்.

கணவன் ஒரு பாகம். மனைவியும் குழந்தையும் இன்னொரு பாகம். எனக்குக் கை நடுங்கியது. மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “சத்தமாகப் படி” என்றார். படித்தேன்.

ஆனால் அவர்கள் கணவன் மனைவிதான் என்பதற்கு அந்தத் தாளில் ஆதாரமில்லை. அடிமைகளின் திருமணத்துக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. அதற்கு வேறொரு பதிவு கிடைத்தது. 1866 மார்ச்சில் வட கரோலினாவில் ஒரு சட்டம் வந்தது, விடுதலையானவர்களில் கணவன் மனைவியாக வாழ்கிறவர்கள் கவுண்டி எழுத்தர் முன்போ நீதிபதி முன்போ வந்து, எப்போதிலிருந்து சேர்ந்து வாழ்கிறோம் என்று சொல்லிப் பதிய வேண்டும். கட்டணம் 25 சென்ட். எல்லாக் கவுண்டிகளிலும் அந்தப் பதிவேடு தப்பவில்லை, எங்கள் நல்ல காலம் இங்கே தப்பியிருக்கிறது. மைக்ரோஃபிலிமில் ஒரே ஒரு வரி. அவர் பெயர், அவள் பெயர், 18 வருடம்.

1866-இலிருந்து 18-ஐக் கழித்தால் 1848. பாகப்பிரிவினை நடந்தது 1856. விடுதலை வந்த 1865 வரை ஒன்பது வருடம் அவர்களை இரண்டு வீட்டுச் சொத்தாகப் பிரித்து வைத்திருந்தார்கள், இருவரும் எழுத்தர் முன்னால் வந்து நின்றபோது அந்த ஒன்பது வருடத்தைக் கழிக்கவே இல்லை.

பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். அந்த இறப்புச் சான்றிதழின் நகலில் ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு மேலே பென்சிலால் அவரே எழுதிக்கொண்டார்.

* * *

அக்கா, படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் கவுண்டியில் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். வீட்டு உரிமையாளர் ஒரு பெரியவர், பேச்செல்லாம் ஸ்பானிஷ், பெயரின் கடைசியில் சிங். அவருடைய அப்பா பஞ்சாபிலிருந்து வந்த விவசாயி, அம்மா மெக்சிகோக்காரர். அந்தப் பக்கம் இப்படி நிறைய குடும்பங்கள் உண்டு. அப்பா விவசாயம் செய்த நிலத்தின் பத்திரத்தைத் தேடித் தர முடியுமா என்று கேட்டார், எல் சென்ட்ரோவில் கவுண்டி அலுவலகத்துக்குப் போனோம். அவர் அப்பா பெயரில் ஒரு பத்திரமும் இல்லை. அலுவலகத்தில் இருந்த ஒரு வயதான அம்மாதான் விளக்கினார். 1913-இல் வந்த சட்டப்படி, குடியுரிமை பெற முடியாத வெளிநாட்டவர்கள் கலிஃபோர்னியாவில் விவசாய நிலம் வாங்க முடியாமல் இருந்தது. 1923-இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில் இந்தியர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அதனால் சிலர் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் பெயரில் நிலத்தை வைத்தார்கள். “உங்கள் பெயரில் தேடிப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

அவர் பெயரிலேதான் இருந்தது. அவருக்கு அப்போது வயது நாலு. எண்பது வயதில்தான் அந்தத் தகவல் அவருக்கே தெரிந்தது. வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டு, அப்பா ஏன் சின்ன வயதில் ‘முதலாளி, தண்ணீர் பாய்ச்சலாமா’ என்று தன்னைக் கேட்பார் என்று இப்போதுதான் புரிகிறது என்றார்.

இன்னொன்று, இம்பீரியல் கவுண்டியே 1907-இல்தான் சான் டியேகோ கவுண்டியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய தாள் வேண்டும் என்றால் தாய்க் கவுண்டிக்குப் போக வேண்டும். எந்த ஊராக இருந்தாலும் கவுண்டி எப்போது பிரிந்தது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

* * *

நான் இங்கிலாந்தில் முதியோர் இல்லமொன்றில் தாதியாக இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். நான் பராமரிக்கும் அம்மா ஒருவருக்காகக் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். இங்கே அரசாங்கப் பிறப்புப் பதிவு 1837-இல்தான் தொடங்கியது, அதற்கு முன்னர் எல்லாம் தேவாலயப் பதிவேடுதான், அது 1538-இலிருந்து உண்டு. அவருடைய ஊர்த் தேவாலயப் பதிவேட்டின் ஒரு பகுதி ஈரம் பட்டு அழிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு தேவாலயமும் வருடாவருடம் ஒரு பிரதி எடுத்து ஆயருக்கு அனுப்ப வேண்டும் என்று வழக்கம் இருந்தது, அந்தப் பிரதியில் கிடைத்தது. அசல் இல்லை என்று யாராவது சொன்னால் உடனே திரும்பி வந்துவிடாதீர்கள், பிரதி எங்கே போனது என்று கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பத்துக் காணி உறுதிகள், அதாவது நிலப் பத்திரங்கள், வீட்டோடு சேர்ந்து எரிந்துபோயின. அதனால் வேறொருவருடைய தாளைக் கையில் எடுத்தாலும் எனக்கு நெஞ்சு இறுகிவிடும்.

அக்கா, ஒரு கேள்வி. லாட் 2-இல் தாயோடு இருந்த அந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன நடந்தது?

* * *

தங்கச்சி, அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் உறுதிகள் பற்றி எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது.

1870-இல் அந்தக் குழந்தைக்குப் பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும். பெற்றோர் வீட்டில் அவள் இல்லை. 1850-களில் இறந்திருக்கலாம், கல்யாணமாகிப் போயிருக்கலாம், வேறொரு வீட்டில் வேலைக்கு இருந்திருக்கலாம். லாட் 2-ஐ எடுத்த மகள் கல்யாணமாகிப் பக்கத்துக் கவுண்டிக்குப் போயிருக்கிறாள், அப்படியென்றால் பாகப்பிரிவினையில் கிடைத்தவர்களையும் அங்கே கொண்டுபோயிருப்பார்கள். இங்கே 1868-இலிருந்து கல்யாணப் பதிவு பத்திர ஆபீஸில்தான். பிற்காலத்து உரிமத்தில் பெண்ணின் அப்பா அம்மா பெயரையும் கேட்பார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்றும் எழுதுவார்கள். இப்போது எங்களிடம் அம்மா பெயர் இருக்கிறது, அதனால் தேட முடியும்.

1890 சென்சஸ் உதவாது. 1921-இல் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் நாசமாகி, மிச்சமிருந்ததையும் பின்னால் அழித்துவிட்டார்கள். அந்த இடைவெளிக்கு நான் பார்ப்பது பயிர் அடமானப் பத்திரங்களை. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கும்போது விளைச்சலையும் கோவேறு கழுதையையும் அடமானம் வைப்பார்கள், அதுவும் கவுண்டியில் பதிவாகும். தாத்தா 1889-இல் எழுதிக் கொடுத்த ஒன்றைப் போன வாரம் பார்த்தேன். கீழே அவருடைய கைக்கீறல், ஒரு எக்ஸ் குறி, மை கொஞ்சம் அழுத்திப் பதிந்திருக்கிறது. மேலே, ‘செம்பழுப்பு நிறக் கோவேறு கழுதை ஒன்று, பெயர் கேட் (Kate)’ என்று இருந்தது. 1860 பட்டியலில் அவருடைய அம்மாவுக்கு எழுதாத பெயரை ஒரு கழுதைக்கு எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பக்கத்துக் கவுண்டிக்குப் புதன்கிழமை போகிறோம். மாமியார் இப்போதே இரண்டு பென்சில் சீவி வைத்துவிட்டார்.